விக்டோரியா மண்டபமும் தோட்டத்து மேடையும்

முன்னுரை

தமிழ் நாடக வரலாற்றை வகுப்பில் நடத்தும்போது நாம் பெரும்பாலும் நூற்பட்டியலிலிருந்தே தொடங்குகிறோம். மனோன்மணீயம் 1891-ஆம் ஆண்டு வெளிவந்தது. அதே ஆண்டில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையை நிறுவினார். இவற்றை மாணவர் மனனம் செய்கின்றனர், தேர்விலும் எழுதிவிடுகின்றனர். அந்நாடகங்கள் எத்தகைய கூரையின்கீழ், எத்தனை பேர் முன்னிலையில், எவ்வளவு நேரம் நடிக்கப்பட்டன என்னும் வினா எழுவதேயில்லை. கவிதையையும் சிறுகதையையும் அவ்வாறு கற்பித்துவிடலாம். நாடகத்தை அவ்வாறு கற்பிக்க இயலாது. நாடகத்திற்குப் பாடத்தைப் போலவே இடமும் உறுப்பாகும்.

சென்னையிலுள்ள விக்டோரியா பொதுமண்டபத்தை முன்னிறுத்தி இதனை விளக்க இக்கட்டுரை முயல்கிறது. அதனோடு, ஜொகூர் மாநிலம் குளுவாங் மாவட்டத்திலுள்ள பாலோவிற்கு அருகே, நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் இருந்த பலகை மேடை ஒன்றையும் சேர்த்துப் பேசவேண்டியிருக்கிறது. இவ்விரண்டையும் ஒரே கட்டுரையில் வைத்துப் பேசுவது சிலருக்குப் பொருத்தமற்றதாகத் தோன்றக்கூடும். அப்பொருத்தமின்மையிலேதான் நம் நாட்டுத் தமிழ் நாடகக் கல்வியின் குறை ஒன்று மறைந்துகிடக்கிறது என்பது என் கருத்து.

மண்டபத்தின் முன் நின்றபோது

முனைவர் பட்ட ஆய்வின் பொருட்டு 2010-களின் தொடக்கத்தில் நான் சென்னையில் தங்கியிருந்தேன். சென்னை மத்திய இரயில் நிலையத்தைவிட்டு வெளியே வந்து பெரியார் ஈ.வெ.ரா. சாலையில் மேற்கு நோக்கிச் சிறிது நடந்தால், வெண்ணிற ரிப்பன் மாளிகைக்கு முன்னதாகச் செந்நிறச் செங்கற் கட்டடம் ஒன்று தென்படும். அதுவே விக்டோரியா பொதுமண்டபம். அக்காலத்தில் அது பூட்டிக் கிடந்தது. அதனை ஒட்டிய நிலத்தில் மெட்ரோ இரயிலுக்கான சுரங்கப்பணி நடந்துகொண்டிருந்தது. தகரத் தடுப்புகளுக்கு மேலே கோபுரமும் மேல்தள வளைவுகளும் மட்டுமே தெரிந்தன. மீண்டும் 2024-ஆம் ஆண்டு ஒரு கருத்தரங்கிற்காகச் சென்றபோது, அதற்கு முந்தைய ஆண்டு தொடங்கப்பெற்ற சீரமைப்புப் பணியின் சாரங்கள் கட்டடத்தை மூடியிருந்தன. ஆக, நாடக அரங்கைக் காண இருமுறை சென்றும் மேடையை நான் காணவில்லை. காண இயலாமையும் ஒருவகையில் நன்மையாயிற்று. சம்பந்த முதலியாரின் 'நாடக மேடை நினைவுகள்' நூலைக் கையில் வைத்துக்கொண்டு, அந்நூல் பேசும் இடத்தை வெளியிலிருந்து அளந்து பார்க்கும் வாய்ப்புக் கிட்டியது.

முதலில் தெளிவுபடுத்த வேண்டியது ஒன்றுண்டு. இம்மண்டபம் நாடகத்திற்கென்று கட்டப்பெற்றதன்று. 1882-ஆம் ஆண்டு சென்னை நகரப் பிரமுகர்கள் பச்சையப்பன் மண்டபத்தில் கூடி, நகரத்திற்குப் பொதுக்கூட்ட மண்டபம் ஒன்று வேண்டுமென்று முடிவுசெய்தனர். 1883 டிசம்பரில் விஜயநகரம் மகாராஜா ஆனந்த கஜபதி ராஜு அடிக்கல் நாட்டினார். குறுநில மன்னர்களும் செல்வர்களும் நன்கொடை வழங்கினர். பீப்பிள்ஸ் பார்க் எனப்பட்ட பூங்காவின் ஒரு பகுதியை மாநகராட்சி 99 ஆண்டுக் குத்தகைக்கு அளித்தது. குத்தகைத் தொகை ஒரு கிரவுண்டு நிலத்திற்கு ஆண்டுக்கு எட்டணா. அரசி விக்டோரியாவின் பொன்விழாவை ஒட்டி அவர் பெயர் சூட்டப்பெற்றது. கட்டட வரைவு இராபர்ட் சிஷோம் என்பாருடையது; சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மாளிகையை வடிவமைத்தவரும் அவரே. கட்டுமானத்தை மேற்கொண்டவர் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டியார்.

இந்தோ-சாரசனிக் எனப்படும் கலப்புப் பாணியில் அமைந்த கட்டடம் இது. வடக்கிலும் தெற்கிலும் தூண்களோடு கூடிய நீண்ட தாழ்வாரங்கள். கேரளக் கட்டடங்களை நினைவூட்டும் கூம்புக் கூரையோடு சதுரக் கோபுரம். உள்ளே கீழும் மேலுமாக இரு பெருங்கூடங்கள். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 600 பேர் அமரலாம். கிழக்குப் பகுதியிலுள்ள மரத்தாலான மாடத்தில் மேலும் 200 பேர்க்கு மேல் அமர இடமுண்டு. சுவாமி விவேகானந்தர் மேலைநாடுகளிலிருந்து திரும்பிய பின்னர் 1897 பிப்ரவரியில் சென்னையில் ஆற்றிய சொற்பொழிவுகளுள் ஒன்று இங்கு நிகழ்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியாண்டுகளிலேயே சலனப்படக் காட்சிகளும் இங்குக் காட்டப்பெற்றன. சொற்பொழிவு, சங்கக்கூட்டம், இசை, படக்காட்சி ஆகியவற்றுக்கிடையே நாடகமும் ஒரு வாடகைக்காரராகவே இம்மண்டபத்தினுள் நுழைந்தது.

நம் பகுதியிலும் இவ்வரலாறு வேறு முறையில் நிகழ்ந்துள்ளது. சிங்கப்பூரின் விக்டோரியா அரங்கம் முதலில் 1862-இல் நகர மண்டபமாகக் கட்டி முடிக்கப்பெற்று, 1909-இல் நாடக அரங்கமாக மாற்றியமைக்கப்பட்டது. கோலாலம்பூரில் மெர்டேக்கா சதுக்கத்திற்கு அருகே ஏ.பி. ஹப்பாக்கின் கைவண்ணத்தில் எழுந்த பழைய நகர மண்டபமே இன்றைய பாங்கோங் பண்டாராயா. 1992-ஆம் ஆண்டுத் தீ விபத்தில் அதன் உட்பகுதி அழிந்து பின்னர்ப் புதுப்பிக்கப்பட்டது. மூன்று நகரங்களிலும் குடிமக்கள் கூடிப் பேசுவதற்கென்று எழுந்த மண்டபத்தில் நாடகம் பின்னரே குடியேறியது. நாடகத்திற்கென்றே கட்டப்பெற்ற அரங்கிற்கு எடுத்துக்காட்டு வேண்டுமாயின், சென்னை எழும்பூரில் 1896-இல் எழுந்த அருங்காட்சியக அரங்கத்தைக் காட்டலாம். அது அரைவட்ட இருக்கை அமைப்பு உடையது. அதனையும் விக்டோரியா மண்டபத்தையும் ஒப்பிட்டால் வேறுபாடு எளிதில் விளங்கும். எழும்பூரில் கட்டடம் நாடகத்திற்கேற்ப வளைந்தது. விக்டோரியா மண்டபத்தில் நாடகம் கட்டடத்திற்கேற்ப வளைந்தது.

மண்டபம் நாடகத்தை மாற்றிய விதம்

சம்பந்த முதலியார் 1873-ஆம் ஆண்டு பிறந்தவர். இளமையில் தமிழ் நாடகங்களைக் காணவும் விரும்பாதவராக இருந்தார். அக்காலத்துக் கல்வி கற்ற இளைஞர் பலரின் மனநிலையும் அதுவே. 'கூத்தாடி' என்னும் சொல் வசைச்சொல்லாகவே வழங்கிற்று. 1891-இல் பல்லாரியிலிருந்து வந்த கிருஷ்ணமாசார்லுவின் குழு சென்னையில் தெலுங்கு நாடகங்களை நடித்தது. கிருஷ்ணமாசார்லு ஒரு வழக்கறிஞர். அவர் குழுவினரும் கற்றவர். கற்றவர் மேடையேறினால் இழுக்கில்லை என்னும் எண்ணம் சம்பந்தனாருக்கு அப்போதுதான் உண்டாயிற்று. அவ்வாண்டு ஜூலை முதல் நாள் நண்பர்கள் சிலரோடு சுகுண விலாச சபையைத் தொடங்கினார். 1893-இல் அவருடைய புஷ்பவல்லி விக்டோரியா மண்டபத்தில் அரங்கேறியது. 1895-இல் மனோகரா நடிக்கப்பட்டது. பின்னர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் 1936 வரையில் அம்மண்டபமே சபையின் இருப்பிடமாயிற்று.

சபையின் நாடகங்களை அதற்கு முந்தைய கூத்து மரபோடு ஒப்பிடும் நூல்கள், மாற்றத்திற்கான காரணத்தைப் பெரும்பாலும் ஆசிரியரின் ஆங்கிலக் கல்வியில் தேடுகின்றன. ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் அமலாதித்யன், வாணிபுர வணிகன், மகபதி, சிம்மளநாதன், விரும்பிய விதமே எனத் தமிழாடை பூண்டமையால் அவ்வாறு எண்ணுவது இயல்பே. ஆயினும் கட்டடத்தையும் ஒரு காரணமாகக் கொள்ளாவிடில் விளக்கம் நிறைவுறாது.

தெருக்கூத்தில் ஆடுகளத்தின் மூன்று புறமும் மக்கள் அமர்ந்திருப்பர். பாத்திரம் வரும்போது இருவர் துணித்திரை ஒன்றைப் பிடிப்பர். திரைக்குப் பின்னின்று பாடியவாறே பாத்திரம் தன்னை அறிவிக்கும். கட்டியங்காரன் வினவுவான், விளக்குவான், நகைப்பூட்டுவான், கதையை இணைப்பான். விளக்கொளி குறைவு; இடமோ திறந்தவெளி; வருவோரும் போவோருமாக மக்கள் அசைந்துகொண்டேயிருப்பர். அத்தகைய இடத்தில் ஒரு செய்தி மூன்று முறை சொல்லப்பட வேண்டும். உரத்த பாட்டும், திரும்பத் திரும்ப வரும் அறிமுகமும், விடியும் வரை நீளும் காலமும் அவ்விடத்தின் தேவைகள். அவற்றைக் குறை எனக் கூறுவோர் இடத்தை மறந்து கலையை மட்டும் பார்ப்பவராவர்.

நீள்சதுரக் கூடத்தின் ஒரு முனையில் மேடை அமைந்தவுடன் இவை அனைத்தும் மாறுகின்றன. காண்போர் ஒரே திசையில், வரிசையாக, இருக்கையில் அமர்கின்றனர். முன்படுதா விழுந்திருக்கும்வரை மேடை இல்லை. எழுந்தவுடன் அரண்மனையே தோன்றுகிறது. பாத்திரத்தை அறிவிக்க எவரும் வேண்டியதில்லை. கட்டியங்காரன் வேலையிழக்கிறான்; அவனுடைய நகைச்சுவை மட்டும் தனிப் பாத்திரமாகவோ தனிக் கிளைக்கதையாகவோ பிழைத்துக்கொள்கிறது. சுவர்கள் நான்கும் ஒலியைத் தடுத்து நிறுத்துவதால் பேச்சு கேட்கிறது. பேச்சு கேட்பதால் உரைநடை வசனம் மேடைக்குத் தகுதியுடையதாகிறது. தமிழில் உரைநடை நாடகம் வேரூன்றியதற்கு மொழி வளர்ச்சி ஒரு காரணமெனின், கூரையும் சுவரும் மற்றொரு காரணமாகும்.

காட்சிகளின் வரிசையையும் படுதாவே முடிவுசெய்தது. பார்சி நாடகக் குழுக்களிடமிருந்து இந்திய மேடைகள் பெற்ற முறை இது. தெருப் படுதா மேடையின் முற்பகுதியில் விழும். அதன்முன் இருவர் நின்று உரையாடுவர். அந்நேரத்தில் படுதாவின் பின்னே அரியணையும் தூண்களும் வைக்கப்படும். உரையாடல் முடிந்ததும் தெருப் படுதா மேலே சுருளும், அரசவை ஆயத்தமாயிருக்கும். அக்கால அச்சு நாடகங்களில் பெருங்காட்சிகளுக்கிடையே சேவகர் இருவரோ தோழியர் இருவரோ பேசும் சிறுகாட்சிகள் அடிக்கடி வருவதைக் காணலாம். வகுப்பில் மாணவர், "இக்காட்சி எதற்கு, ஐயா? கதை நகரவில்லையே!" என்று கேட்பதுண்டு. கதை நகராவிட்டாலும் மேடைப்பொருள்கள் நகர்ந்தன என்பதே விடை. பத்தாண்டுகளாக இவ்வினாவிற்கு நான் வேறு விடைகள் கூறிவந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

காலமும் சுருங்கியது. இரயில் நிலையம் அருகில். டிராம் வண்டியின் வசதி உண்டு. வருவோரோ மறுநாள் காலை அலுவலகமும் நீதிமன்றமும் செல்ல வேண்டியவர். எனவே, குறித்த நேரத்தில் தொடங்குவதும், விடியும் வரை இழுக்காமல் சில மணி நேரத்தில் முடிப்பதும் சபையின் ஒழுங்காயின. நேரந்தவறாமையைச் சம்பந்தனார் ஓர் அறமாகவே கருதினார். (இன்றைய நம் கலைநிகழ்ச்சி ஏற்பாட்டாளர்கள் அவருடைய நினைவுகளை இதற்காகவேனும் ஒருமுறை படிக்கலாம்.)

எல்லாவற்றினும் முதன்மையானது மதிப்பு. ஆளுநர்களும் அறிஞர்களும் பேசும் மண்டபத்தில் ஏறி நடிப்பவனைக் கூத்தாடி என்று இகழ்வது அரிதாயிற்று. வழக்கறிஞர்களும் அரசு அலுவலர்களும் அரிதாரம் பூசினர். விடுதலைப் போராட்ட வீரர் சத்தியமூர்த்தி அச்சபையில் நடித்தவர். சம்பந்தனாரே வழக்கறிஞராக இருந்து, பின்னர்ச் சிறுவழக்கு நீதிமன்ற நீதிபதியானவர். 1959-இல் பத்மபூஷண் விருது பெற்றவர். சபையின் நாடகங்களில் பெண் வேடங்களையும் ஆடவரே ஏற்றனர். அவருள் ரங்கவடிவேலுவின் புகழ் பெரிது. இதே காலத்தில் கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் பெண்களையே கொண்ட குழுவை நடத்திக்கொண்டிருந்தார் என்பதையும் ஈண்டு நினைவிற்கொள்ள வேண்டும். மண்டபம் வழங்கிய மதிப்பு பெண்களுக்கு உரியதாக இல்லை.

மண்டபத்திற்கு வெளியே நின்றவர்கள்

பெண்களே அன்றி வேறு பலரும் வெளியே நின்றனர். நுழைவுச்சீட்டின் விலை ஒருவர் எங்கு அமர்வார் என்பதை மட்டுமன்று, அமர்வாரா என்பதையும் முடிவுசெய்தது. சபை ஷேக்ஸ்பியரைத் தமிழாக்கி நடித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், சென்னைத் துறைமுகத்திலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்கை நோக்கிக் கப்பல்கள் புறப்பட்டுக்கொண்டிருந்தன. அவற்றின் தளத்தில் அமர்ந்திருந்தவர் வட ஆர்க்காடு, தஞ்சை, திருச்சி, சேலம் எனப் பல மாவட்டங்களைச் சேர்ந்த உழைப்பாளிகள். சென்னையில் கப்பலேறியவருக்கும் விக்டோரியா மண்டபத்திற்கும் இடையே இருந்த தொலைவு இரண்டு மூன்று கிலோமீட்டரே. ஆயினும் அவர்களுள் எவரும் அதன் படிகளில் ஏறியிருக்கமாட்டார் என்று துணிந்து கூறலாம்.

இலங்கையின் நிலை வேறு. சுகுண விலாச சபை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கை சென்று நடித்தது. அதனால் ஊக்கம்பெற்ற கலையரசு சொர்ணலிங்கம் முதலியோர் கொழும்பில் சுபோத விலாச சபையையும் யாழ்ப்பாணத்தில் சரஸ்வதி விலாச சபையையும் உருவாக்கினர். சொர்ணலிங்கம் சம்பந்தனாரையே தம் குருவாகக் கொண்டார். கற்றோர் சபை ஒன்றிலிருந்து மற்றொரு கற்றோர் சபை பிறந்த நேரடி மரபு அது.

மலாயாவிற்கு நாடகம் வந்த வழி தனி. இங்கு முதலில் வந்தவை உழைப்பாளிகளோடு வந்த கூத்துகள். காமன் கூத்து இன்றும் சில இடங்களில் நிகழ்கிறது. அடுத்து வந்தவை கப்பலேறிப் பினாங்கு, சிங்கப்பூர் எனச் சுற்றிய தொழில்முறைக் குழுக்கள். இவை சங்கரதாஸ் சுவாமிகளின் மரபைச் சார்ந்தவை. வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் போன்ற கதைகள், பாட்டே உயிர், வசனத்தை நடிகர் அங்கேயே கோத்துக்கொள்வர். வெவ்வேறூர்களிலிருந்து வந்த ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் ஒத்திகையின்றி ஒரே இரவில் சந்தித்து, தருக்கப் பாடல்களில் ஒருவரையொருவர் மடக்கும் 'ஸ்பெஷல் நாடகம்' இம்மரபின் கிளை. பார்சி நாடகத்தின் தாக்கத்தில் 1880-களில் பினாங்கில் பிறந்த மலாய் பங்சாவான் நாடகத்தையும் இதன் அயல்வீட்டு உறவாகக் கருதலாம். படுதாவும் ஆர்மோனியமும் இரண்டிற்கும் பொது. இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர் சீர்திருத்த நாடகங்கள் வந்து சேர்ந்தன. பெரியார் 1929-ஆம் ஆண்டின் இறுதியில் மலாயாவிற்கு மேற்கொண்ட பயணம் அதற்கு முன்னரே நிலத்தைப் பண்படுத்தியிருந்தது.

இவ்வாறிருக்க, நம் பாடக்குறிப்புகள் 'நவீனத் தமிழ் நாடகத்தின் தந்தை' எனத் தொடங்கிச் சபை மரபையே நேர்கோடாக வரைந்து, அக்கோட்டின் இறுதியில் மலேசியத் தமிழ் நாடகத்தை ஒட்டவைக்கின்றன. அவ்வாறு ஒட்டவைப்பது வரலாற்றிற்குப் பொருந்தாது. நம் தோட்டத்து மேடைகள் அம்மண்டபத்தின் பேரப்பிள்ளைகள் அல்ல. வேறொரு குடும்பத்தில் பிறந்து, ஒரே ஒரு திருமணத்தின் வழியே அதனோடு உறவு கொண்டவை. அத்திருமணம் எப்போது நடந்தது என்பதை விளக்கவே பாலோவிற்குத் திரும்ப வேண்டியுள்ளது.

பாலோ: பலகையும் பீப்பாயும்

ஜொகூர் பாருவிற்குச் செல்லும் இரயில் பாதையில் பெக்கோக்கிற்கும் குளுவாங்கிற்கும் இடையே அமைந்த சிற்றூர் பாலோ. அதனைச் சூழ்ந்து இரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. இன்று பெரும்பகுதி செம்பனை. எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு எதிரே, லயத்திற்கும் பால்கொட்டகைக்கும் இடைப்பட்ட திடலில், திருவிழாக் காலத்தில் மட்டும் மேடை எழும். வெறுமையான எண்ணெய்ப் பீப்பாய்களின்மேல் பலகைகளை அடுக்கிக் கயிற்றால் பிணைப்பர். வேட்டிகளை ஒன்றாகத் தைத்து முன்படுதா செய்வர். பின்படுதாவாக ஒரே ஒரு வண்ணச்சீலை. அதில் எழுதப்பட்டிருந்த அரண்மனையே எல்லா நாடகங்களிலும் காடாகவும் சுடுகாடாகவும் பயன்பட்டது. காண்போர் மூன்று புறமும் பாய் விரித்து அமர்வர். மறுநாள் அதிகாலையில் பால் வெட்டச் செல்ல வேண்டியிருந்தாலும் நாடகம் நள்ளிரவுக்கு முன் முடிந்ததில்லை. இவ்வகை நாடகத்தின் கடைசி நாள்களை, 1980-களின் இறுதியில், சிறுவனாக நான் கண்டிருக்கிறேன்.

என் தாத்தா அதே மேடையில் 1960-களில் மனோகரனாக நடித்தவர். சங்கிலியால் பிணிக்கப்பட்ட மனோகரன் அரசவையில் நின்று குமுறும் காட்சி தோட்டம் முழுவதும் பேர்பெற்றதாம். மாட்டுக்கொட்டகையிலிருந்து கொண்டுவந்த உண்மையான சங்கிலியை அவர் பூட்டிக்கொண்டார் என்றும், ஒருமுறை அது அறுபடாமல் போகவே நாடகம் சிறிது நேரம் நின்றது என்றும் பாட்டி சொல்லிச் சிரிப்பார். அறுபட வேண்டிய கண்ணியை நூலால் கட்ட மறந்துவிட்டனர்!

இந்த மனோகரன் எங்கிருந்து வந்தான்? நாடகம் 1895-இல் விக்டோரியா மண்டபத்திற்கென எழுதப்பட்டது. பின்னர் டி.கே.எஸ். சகோதரர்கள் முதலிய தொழில்முறைக் குழுவினர் அதனை மேற்கொண்டு ஊர் ஊராக நடித்தனர். சங்கரதாஸ் சுவாமிகளிடம் பயின்ற சிறுவர்களே வளர்ந்து சம்பந்தனாரின் நாடகத்தை நடித்தமை தமிழ் நாடக வரலாற்றின் அழகிய முரண்களுள் ஒன்று. மேலே குறித்த திருமணம் இதுவே. அதன்பின், மு. கருணாநிதியின் வசனத்தோடு சிவாஜி கணேசன் நடித்த திரைப்படம் 1954-இல் வெளிவந்தது. தோட்டத்துத் திடலில் வெள்ளைத்துணி கட்டி அப்படம் காட்டப்பட்டபோது அதன் வசனங்களை இளைஞர்கள் நெஞ்சில் பதித்துக்கொண்டனர். மண்டபத்தின் நாடகம் தொழில்முறைக் குழுவின் வழியே திரைக்கும், திரையிலிருந்து மீண்டும் மேடைக்கும் வந்து, அறுபது எழுபது ஆண்டுகளில் பாலோவை அடைந்தது. தாத்தாவிற்குப் பம்மல் சம்பந்த முதலியார் என்னும் பெயர் தெரியாது. மண்டபத்தின் பெயரும் தெரியாது.

வந்து சேர்ந்த நாடகம் இடத்திற்கேற்ப மீண்டும் உருமாறியது என்பதே நாடக மாணவர் கவனிக்க வேண்டிய செய்தி. மூன்று புறமும் மக்கள் அமர்ந்தமையால் மனோகரன் ஒரே திசையில் நின்று பேச இயலவில்லை. சங்கிலியை இழுத்தவாறு மேடையைச் சுற்றிவந்தே பேசினான். படுதாவை விரைவாக மாற்ற வழியின்மையால் இடைவெளியை நிரப்ப ஒரு பபூன் வேண்டியிருந்தது. அவன் தோட்டத்துக் கங்காணியைப் போல நடந்துகாட்டி மக்களைச் சிரிக்கவைத்தான். சென்னை மண்டபம் வேலையிலிருந்து நீக்கிய கட்டியங்காரனைப் பாலோவின் பலகைமேடை மீண்டும் பணியில் அமர்த்தியது.

வகுப்பறைக்கு ஒரு பயிற்சி

இதனை மாணவர்க்கு விளக்கக் கட்டுரைக் குறிப்புகள் போதா. நான் கையாளும் பயிற்சி எளிது. ஏதேனும் ஒரு நாடகத்தில் பாத்திரம் முதன்முறை தோன்றும் பகுதியை எடுத்துக்கொள்வோம். வகுப்பின் நாற்காலிகளை முதலில் வரிசையாக ஒரே திசை நோக்கி அடுக்கி நடிக்கச் செய்ய வேண்டும். பின்னர் அதே பகுதியை, நாற்காலிகளை மூன்று புறமும் வைத்து, கதவுகளைத் திறந்துவிட்டு, தாழ்வாரத்தில் பிற மாணவர் நடமாடும் இடைவேளையில் நடிக்கச் செய்ய வேண்டும். இரண்டாம் முறை எவரும் சொல்லித்தராமலேயே மாணவர் குரலை உயர்த்துவர்; சொன்னதையே மீண்டும் சொல்வர்; ஒருவர் முன்வந்து, "இதோ இளவரசர் வருகிறார்!" என்று அறிவிப்பார். கட்டியங்காரன் ஏன் தோன்றினான் என்பதற்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்பட்டதில்லை. ஆசிரியப் பயிற்சி மாணவரிடமும் இதனைச் செய்து பார்த்துள்ளேன். அவர்களுள் இருவர் தம் தோட்டத்து மேடையைப் பற்றி அன்றுதான் முதன்முறையாக வீட்டுப் பெரியோரிடம் வினவினர்.

விக்டோரியா மண்டபம் நெடுங்காலம் பராமரிப்பின்றிக் கிடந்தும், அதன் நாடக வாழ்வை நாம் அறிய முடிகிறது. சம்பந்தனார் தம் நினைவுகளை ஆறு பாகங்களாக எழுதிவைத்தமையே அதற்குக் காரணம். கட்டடம் வீழ்ந்திருந்தாலும் நூல் எஞ்சியிருக்கும். தோட்டத்து மேடைக்குக் கட்டடமும் இல்லை, நூலும் இல்லை. திருவிழா முடிந்த மறுநாளே பலகைகள் பண்டகசாலைக்கும் பீப்பாய்கள் பால்கொட்டகைக்கும் திரும்பிவிடும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் குளுவாங்கிற்கும் ஜொகூர் பாருவிற்கும் பெயர்ந்த பின்னர், நடித்தவரின் நினைவே எஞ்சிய ஆவணம். அந்நினைவை உடையோர் இப்போது எண்பதைக் கடந்தவர். இந்திய ஆய்வியல் துறைகளும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் இணைந்து, ஒவ்வொரு வட்டாரத்திலும் நடித்தவர் பெயர், நாடகப் பெயர், மேடை இருந்த இடம், வாத்தியார் எவர், படுதா எங்கிருந்து வந்தது என்னும் ஐந்து வினாக்களையேனும் பதிவுசெய்தால், நம் நாடக வரலாற்றிற்கு ஒட்டுப்போட வேண்டிய தேவை இராது. இதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடு வேண்டியதில்லை. ஒரு கைப்பேசியும் ஒரு பிற்பகலும் போதும்.

பாட்டி மறைந்தபின் அவருடைய தகரப் பெட்டியில் பள்ளிப் பயிற்சிப் புத்தகம் ஒன்று கிடைத்தது. தாத்தாவின் கையெழுத்தில் மனோகரனின் வசனங்கள், திரைப்படத்தில் கேட்டவை, ஆங்காங்கே பிழையோடும் சில இடங்களில் அவரே சேர்த்தவற்றோடும் எழுதப்பட்டிருந்தன. பின் அட்டையின் உட்புறத்தில் பொருள்பட்டியல்: கிரீடம் இரண்டு, வாள் மூன்று, பெட்ரோமாக்ஸ் விளக்கு நான்கு, சங்கிலி ஒன்று. சங்கிலிக்கு நேரே, வேறு மையில், "நூல் கட்டவும்" என்று எழுதி இருமுறை அடிக்கோடிட்டிருந்தார்.